கடல் கடந்து கற்ற அம்பேத்கர்

டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாளை ஒட்டிய சில தினங்களில் தாதர் நிலையத்துப் பணியாளர் எவருக்கும் விடுமுறை கிட்டுவது அரிது. விதர்ப்பத்திலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் வண்டிகள் நிரம்பி வழிந்தவண்ணம் வந்துகொண்டேயிருக்கும். வெள்ளாடை உடுத்த ஆடவரும் பெண்டிரும், தோளிலே குழந்தையும் கையிலே ரொட்டி மூட்டையுமாக இறங்கிக் கடற்கரையிலுள்ள சைத்தியபூமியை நோக்கி நடப்பர். டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அந்நாளில்தான் தில்லியில் மறைந்தார். மறுநாள் அவருடைய உடலுக்கு எரியூட்டிய இடம் அந்தக் கடற்கரை.

பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து ஆண்டுகள் பலவாக இக்கூட்டத்தைக் கண்டுவரும் நாம் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். யாத்திரை சென்று மீள்வோர் பொதுவாகப் பிரசாதத்துடன் மீள்வர். இவர்களோ புத்தகங்களுடன் மீள்கின்றனர். சிவாஜி பூங்காவில் அந்நாட்களில் விரிக்கப்படும் புத்தகக் கடைகளில் வாங்கியவை அவை. எழுத்துக் கூட்டியும் படிக்கத் தெரியாத முதியவர்கூட, பேரனுக்கென்று இரண்டு நூல்களை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்து சீட்டுக் கேட்பதை நாம் கண்டதுண்டு. சென்ற ஆண்டு அவ்வாறு ஒருவருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தபொழுதே இக்கட்டுரையை எழுதும் எண்ணம் நமக்குத் தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் காலனியில் இவ்வாண்டு சில வீடுகளில் பிள்ளைகள் அயல்நாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் செய்துள்ளனர். நமது வீடும் அவற்றுள் ஒன்று. மகளுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்து ஒரு திங்கள் ஆகிறது. மாலை வேளைகளில் சங்கத்துத் திண்ணையில் கூடும் பெற்றோர், எந்த வங்கியில் வட்டி குறைவு, படித்து முடித்தபின் அங்கேயே வேலை கிடைக்குமா, எத்தனை ஆண்டில் கடன் தீரும் என்பவற்றைப் பேசாத நாளில்லை. இவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளே, நாமும் கேட்டோம். ஆனால் அங்கே செல்லும் பிள்ளை அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை யாது செய்யும் என்று எவரும் கேட்டதாக நினைவில்லை. மெட்ரிக்குலேஷன் தேறிய கையுடன், மறைந்த தந்தையாரின் இடத்தில் ரயில்வேப் பணிக்கு வந்துவிட்ட நமக்கு, கல்லூரி என்பதே வெளியிலிருந்து பார்த்த கட்டடம். ஆகவே அறிந்தவர் ஒருவரின் வரலாற்றைக் கொண்டுதான் இதைப் பேச முடியும். அம்பேத்கரின் வாழ்வு முழுவதையும் கூற இம்மலரின் பக்கங்கள் போதா. அரசியல் சட்டம், மகாடு, நாகபுரி ஆகியவற்றைப் பற்றி அன்பர்கள் நிறையக் கேட்டிருப்பர். அவர் கற்ற கதையை மட்டும் இங்கே சொல்ல விழைகிறோம்.

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் இந்தூருக்கு அருகிலுள்ள மஹௌ படைமுகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். தாயார் பீமாபாய். இவர் அவர்களுக்குப் பதினான்காவது குழந்தை. மகர் குலத்தில் பிறந்தமையால் தீண்டாதார் எனப்பட்டவர். சாத்தாராவில் பள்ளிக்குச் சென்றபொழுது, தாம் உட்காரும் கோணிச்சாக்கை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்று மாலையில் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. குழாயைத் தாமே திறந்து நீர் பருக இயலாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் வராத அன்று நீரும் இல்லை.

இரயில்வேத் தொழிலில் இருப்பவர் மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்று அவருடைய ஒன்பது பத்து வயதில், 1901ஆம் ஆண்டளவில் நடந்தது. கோரேகாவில் வேலை பார்த்த தந்தையாரைக் காணச் சிறுவர்கள் சிலர் புத்தாடை உடுத்து, சாத்தாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். வரும் செய்தியைத் தெரிவித்த கடிதத்தை வேலையாள் தந்தையிடம் சேர்க்க மறந்துவிட்டமையால் அழைத்துப்போக எவரும் வரவில்லை. நல்ல உடை உடுத்த பிள்ளைகளாயிற்றே என்று நிலைய அதிகாரி அன்புடன் விசாரித்தார். மகர் குலத்துப் பிள்ளைகள் என்றறிந்ததும் அவருடைய முகம் மாறியது. தம் அறைக்குச் சென்றுவிட்டார். அரைமணி கழித்துத் திரும்பி வந்து, வண்டிக்காரர்களிடம் பேசியும் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. இறுதியில் ஒருவன் இரட்டிப்புக் கூலிக்கு ஒப்பினான். சிறுவர்களே மாட்டை ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் நடந்து வருவேன் என்பது அவன் விதித்த கட்டளை. இரவு முழுதும் கையில் உணவு இருந்தும், பருகத் தண்ணீர் கிட்டாமையால் உண்ண முடியவில்லை. அந்த நிலைய அதிகாரியை முற்றும் கெட்டவர் என்று சொல்ல நம்மால் இயலவில்லை. அவர் உதவத்தான் செய்தார். அரைமணி நேரம் கழித்து உதவினார்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்கு வந்து பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஓர் அறையில் வாழ்ந்தது. சமையல், படுக்கை, விறகு, படிப்பு யாவும் அதற்குள்ளேயே. ஆகையால் பையன் முன்னிரவிலேயே உறங்கிவிடுவான். பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தை எழுப்பிவிடுவார். ஊர் உறங்கும் நேரமே அவனுக்குப் படிப்பறை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 1907ஆம் ஆண்டு மெட்ரிக்குலேஷன் தேறினான். அதனைப் பாராட்ட ஒரு பொதுக்கூட்டமே கூட்டினர்! (நாம் தேறியபொழுது நம் அன்னையார் பாயசம் வைத்தார், அத்துடன் சரி.) அக்கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அறிமுகம் செய்துவைத்தவரும் கேலுஸ்கரே. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வெழுதித் தேறினார். வடமொழி பயில விரும்பியும் பள்ளியில் அதற்கு இடமளிக்கப்படாமையால் பாரசீகம் எடுக்க நேர்ந்தது.

1913 தொடக்கத்தில் பரோடாவில் உத்தியோகம் ஏற்றார். சில நாட்களிலேயே தந்தைக்கு நோய் கடுமை என்று செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் மறைந்தார். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட அக்கை போனபின்புதான் கடல் கடக்கும் வாய்ப்பு வந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்காவில் உயர்கல்வி கற்பதற்குச் சில மாணவரை அனுப்ப மன்னர் எண்ணினார். அவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். மாதம் 11 பவுன் 10 ஷில்லிங் வீதம் மூன்று ஆண்டு. திரும்பியபின் பத்தாண்டு பரோடா சமஸ்தானத்தில் ஊழியம் செய்தல் வேண்டும். இவ்வாறு ஓர் ஒப்பந்தம் 1913 ஜூன் மாதம் எழுதப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் நகரை அடைந்தார். வயது 22. ஊரிலே மனைவி ரமாபாயும் கைக்குழந்தையும்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதலில் ஒரு மாணவர் விடுதியிலும், பின்னர் வேறிடத்திலும், அதன்பின் லிவிங்ஸ்டன் ஹால் என்னும் விடுதியிலும் தங்கினார். அங்கே உடன் தங்கிய நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் வாழ்நாள் நண்பரானார். இப்பெயரை அன்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும். இவர் மீண்டும் வருவார்.

சென்று சேர்ந்த சில நாட்களில், தந்தையாரின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய மடல் அறியத்தக்கது. அயல்நாட்டின் உயர்ந்த கட்டடங்களைக் குறித்தோ பனியைக் குறித்தோ அன்று அவர் கவலைப்பட்டது. நம் மக்கள் ஆண்பிள்ளைகளுடன் பெண்பிள்ளைகளையும் படிக்கவைத்தால் முன்னேற்றம் விரைவு பெறும் என்றும், அதனை அந்த நண்பர் தம் மகளிடமிருந்தே தொடங்கலாம் என்றும் எழுதினார். ஊரை விட்டுச் சென்றவர் ஊரை எவ்வாறு மறவாதிருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் அங்கே கற்ற முறையே நாம் சொல்ல வந்த பொருளின் நடு. எம்.ஏ. பட்டத்திற்கு எத்துணை வகுப்புகள் போதுமோ அத்துணையுடன் நிற்பது மாணவர் இயல்பு. அம்பேத்கர் எடுத்துக்கொண்ட பாடத்தொகுதிகளின் பட்டியலை நோக்குங்கள்: பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3. இவையன்றிப் பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்கநிலையில் பயின்றார். இவ்வளவும் ஒருவர் மூன்றாண்டில் கேட்டவை.  உள்ளே நுழைந்தபின் எத்தனைக் கதவுகள் திறந்துள்ளனவோ அத்தனையிலும் புகுந்து பார்த்துவிடுவது என்று துணிந்தவர் போல அவர் நடந்துகொண்டார். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார் என்பர். எழுத்தர் வேலை பார்க்கும் நமக்குப் பத்து மணிக்கே கண் சுழல்வதை எண்ணிப் பார்க்கிறோம்.

பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவருக்கு வழிகாட்டினார். ஜான் டூயி என்னும் பெருந்தத்துவ ஆசிரியரின் வகுப்புகளில் பெற்ற எண்ணங்கள் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் பலவிடத்தும் தோன்றுகின்றன. 1915ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வு வகுப்பில் இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றி ஒரு கட்டுரை படித்தார். இங்கே ஒரு நுட்பம். அவர் சென்றது பொருளாதாரம் கற்க. மானிடவியல் பக்கத்துக் கதவு. சிறு வயதிலிருந்து தம்மை ஒதுக்கிவைத்த ஒன்றை, ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்ப்பது போலப் பார்க்கும் கருவி அந்தப் பக்கத்துக் கதவுக்குள்தான் கிடைத்தது. அகமணம் என்னும் வழக்கமே சாதியின் உயிர்நிலை என்று 25 வயது இளைஞர் அறிஞர்கள் நடுவே நிறுவினார். மறு ஆண்டு அக்கட்டுரை இந்தியாவில் ஓர் ஆராய்ச்சி இதழில் அச்சாயிற்று.

உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பிவந்தார். எஞ்சியதில் வயிற்றுக்குச் சிறிது, பழைய புத்தகக் கடைகளுக்குப் பெரிது. நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்தவை ஏறத்தாழ 2,000 நூல்கள். அந்நாளில் லாலா லஜபதிராய் அந்நகரில் தங்கியிருந்து நாட்டு விடுதலைக்கு மாணவரைத் திரட்டிவந்தார். அம்பேத்கர் அதில் சேரவில்லை. வந்த காரியம் முடியுமுன் வேறொன்றில் இறங்குவது உதவிய மன்னருக்குச் செய்யும் பிழை என்று கருதினார். இது சரியா தவறா என்று திண்ணையில் ஒரு மாலை முழுதும் வழக்காடலாம். படிப்பைக் கடனாகக் கொண்டவரின் கணக்கு அது என்று மட்டும் சொல்லி அப்பால் செல்வோம்.

டாக்டர் பட்டத்திற்குரிய ஆய்வுரையையும் 1916இல் எழுதி முடித்தார். அச்சிட்ட படிகளைக் கொடுத்தாலன்றி அப்பல்கலைக்கழகம் பட்டம் வழங்காது. அச்சிடப் பணமில்லை. 1925இல்தான் அது நூலாயிற்று. 1927இல்தான் பட்டம் கைக்கு வந்தது. அந்நூலை அவர் சயாஜிராவ் மன்னருக்குக் காணிக்கை ஆக்கினார்.

1916 அக்டோபரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் பெயர் பதிந்தார். ஒரே காலத்தில் இரண்டு. ஓராண்டு நிறையுமுன் உதவித்தொகையின் காலம் முடிந்தது. திரும்பி வருமாறு பரோடாவிலிருந்து ஆணை வந்தது. நான்காண்டுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியை மட்டும் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். அது முதல் உலகப் போர்க் காலம். கடலெங்கும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள். அவர் ஒரு கப்பலில் வந்தார். அவருடைய புத்தகப் பெட்டிகள் வேறொரு கப்பலில் வந்தன. பெட்டிகளைச் சுமந்த கப்பல் குண்டடி பட்டு மூழ்கியது. உண்ணாமல் சேர்த்த நூல்கள் கடலடி சேர்ந்தன. 1917 ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபொழுது கையில் புத்தகம் இல்லை; படித்தது மட்டுமே இருந்தது.

ஒப்பந்தப்படி செப்டம்பரில் பரோடா சென்றார். அங்கு நடந்ததை அவரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கழித்த ஆண்டுகளில் தாம் தீண்டாதார் என்னும் நினைவே அவருக்கு அற்றுப் போயிருந்தது. பரோடா நிலையத்தில் இறங்கி, இனி எங்கே தங்குவது என்று எண்ணியபொழுதுதான் அந்நினைவு திரும்பிற்று. இந்து விடுதிகளில் இடமில்லை. பார்சிகளுக்கெனச் சத்திரம் ஒன்று இருந்தது. பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதுவதென்று காப்பாளருடன் பேசி, மாடியில் ஒரு சிற்றறையில் தங்கினார். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். பக்கத்துக் கூடத்தில் உடைந்த நாற்காலிகளும் பலகைகளும். பகலில் கணக்குத் துறை அலுவலகத்தில் பயிற்சி. அங்கே சேவகர் கோப்புகளைக் கையில் கொடாமல் மேசைமேல் எறிந்தனர். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் தடிகளுடன் மாடியேறி வந்தனர். ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டும் அவர்கள் இணங்கவில்லை. மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றனர். நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, தம் வேலையாட்கள் போய்விடுவர் என்றார். மற்றவர் கிறித்தவர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரவு வண்டிக்கு இன்னும் பொழுதிருந்தமையால் காமாட்டி பாக் என்னும் பொதுத் தோட்டத்தில் ஐந்து மணி நேரம் அமர்ந்திருந்தார். பின்னர் ஒன்பது மணி வண்டியில் பம்பாய் திரும்பினார்.

உலகின் இரு பெரும் பல்கலைக்கழகங்களில் கற்று வந்தவர்க்கு ஓர் அறை கிடைக்கவில்லை. இதைப் படித்தபொழுது நமக்கு நம் கதை நினைவுக்கு வந்தது. நாம் இந்நகருக்கு வந்த புதிதில் அறை தேடி அலைந்தோம். ஒரு வீட்டுக்காரர் நம் சம்பளத்தைக் கேட்கவில்லை. நம்மவர் தாமே என்று தொடங்கிச் சுற்றி வளைத்து வேறொன்றைக் கேட்டார். நாம் சொன்ன விடை அவருக்குப் பிடித்திருந்தது. சாவி கைக்கு வந்தது. அன்று மகிழ்ச்சியுடன் ஊருக்குக் கடிதம் எழுதினோமே தவிர, விடை வேறாக இருந்திருந்தால் என்னாகும் என்று நாம் எண்ணவில்லை. அதே நாளில் அதே தெருவில் வேறொருவர் அறை தேடியிருக்கக்கூடும்.

மூழ்கிய நூல்கள், பாதியில் நின்ற பட்டம், பரோடாத் தோட்டம். இவ்விடத்தில் மற்றவர் கதை முடிந்திருக்கும். 1918 நவம்பரில் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய். அந்நாளில் அது பெருந்தொகை. அவருடைய வகுப்பைக் கேட்க வேறு கல்லூரி மாணவரும் வந்தனர். எனினும் ஆசிரியர் அறையில் பொதுப் பானையிலிருந்து அவர் நீர் பருகுவதற்குச் சக ஆசிரியர் சிலர் தடை கூறினர். அத்தனைச் சம்பளம் வந்தும் அவர் பரேலில் இரண்டு அறை கொண்ட தொழிலாளர் குடியிருப்பை விட்டு அகலவில்லை. ரமாபாய் கையில் கொடுத்ததில் குடும்பம் நடந்தது. எஞ்சியது லண்டனுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஈராண்டுகூட நிறையுமுன், 1920 மார்ச்சில், அவ்வேலையை விட்டார். சேமிப்பு போதவில்லை. கோலாப்பூர் சாஹு மன்னர் 1,500 ரூபாய் உதவினார். நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் தந்தார். நல்ல வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிக்கொண்டு, 29 வயதில் மீண்டும் மாணவனாகப் போகும் கணவனைக் குறித்து ரமாபாய் யாது எண்ணினாரோ! நம் காலனித் தாய்மார்களுக்குத்தான் தெரியும். அவருடைய பெயரில் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் பட்டங்களின் விலையில் ஒரு பாதி அவர் கொடுத்தது.

இம்முறை மன்னர் தந்த மாத உதவித்தொகை இல்லை. சொந்தக் காசு, ஆகவே மணிக்கணக்கு இன்னும் கடுமை. பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகம் காலையில் திறக்கும்பொழுது முதலில் நுழைபவரும், மாலையில் மூடும்பொழுது இறுதியில் வெளியேறுபவரும் அவரே. நண்பகல் உணவுக்காக எழுந்து சென்றால் பொழுதும் பணமும் வீண் என்று, இருந்த இடத்திலேயே மறைவாக ஒரு துண்டு ரொட்டி தின்ன முயன்று காவலரிடம் அகப்பட்டுக்கொண்டதும் உண்டு. தங்கிய வீட்டில் கிடைத்த உணவு பசிக்குப் போதாது. இரவு பத்து மணிக்குமேல் பசி பொறுக்காதபொழுது, நண்பர் ஒருவர் தந்திருந்த அப்பளங்களில் நான்கைச் சுட்டு, ஒரு கோப்பைப் பாலுடன் தின்றுவிட்டு மீண்டும் படிக்க அமர்வார். அறைத்தோழர் உறங்கச் சொல்லி வற்புறுத்தினால், உறங்குவதற்குத் தம்மிடம் பொழுதும் இல்லை, பணமும் இல்லை என்பது அவர் விடை. பரேல் ஓரறையில் இரண்டு மணிக்கு எழுந்த பையன் லண்டனிலும் அவ்வாறே இருந்தான்.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம். 1922 ஜூனில் பாரிஸ்டர். அவ்வாண்டு அக்டோபரில் டி.எஸ்ஸி. பட்டத்திற்கு ரூபாயின் சிக்கல் என்னும் பொருள் பற்றிய ஆய்வுரையைக் கொடுத்தார். வெள்ளி ரூபாயின் மதிப்பை இங்கிலாந்தின் பவுனுடன் கட்டி வைத்த முறையில், உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் தேய்வதைத் தடுக்க வழியில்லை என்பதும், நாணயம் அச்சிடும் அளவுக்குச் சட்டப்படி வரம்பு வேண்டும் என்பதும் அதன் சாரம். விலை ஏறும்பொழுது முதலில் அடிபடுவோர் கூலிக்காரரும் மாதச் சம்பளக்காரரும் அன்றோ? அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாகச் சாடியிருந்தமையால் தேர்வாளர் சில பகுதிகளைத் திருத்தி எழுதுமாறு கூறிவிட்டனர். கையிருப்பு தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை, கூறிய முறையை மட்டும் சற்றுத் தணித்தார். அவ்வாண்டு இறுதிக்குள் பட்டமும் கிடைத்தது. பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையுடன் நூலும் லண்டனில் வெளிவந்தது. பெற்றோரின் நினைவுக்கு அதனைப் படைத்தார். பம்பாயில் வழக்கறிஞர் தொழிலுக்குரிய சனது பெறக் கட்டணம் இல்லாதபொழுது கைகொடுத்தவரும் பதேனாவே.

1925இல் ஹில்டன் யங் தலைமையில் நாணயக் குழு இந்தியாவுக்கு வந்தபொழுது அம்பேத்கர் அதன்முன் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியையே அவர்தாம் அமைத்தார் என்று சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அவ்வளவு தூரம் செல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அரசின் நாணயக் கொள்கையை எதிர்த்து எழுதியவர் அரசின் குழுமுன் அறிஞராக அமர்ந்தார், அதுவே போதும்.

கற்றதை அவர் பெட்டியில் பூட்டி வைத்தவரல்லர். கடலில் போன நூல்களுக்கு ஈடாகத் தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை நூல்களுக்கென்றே கட்டினார் எனலாம். நம் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே அது உள்ளது. வைசிராயின் நிர்வாக சபையில் 1942 முதல் உறுப்பினராக இருந்தபொழுது, ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவர் கல்விக்கென ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கச் செய்தார். அதைக்கொண்டு மாணவர் சிலர் மேற்படிப்புக்கு வெளிநாடு சென்றனர். ஒருவர் ஏறிய ஏணி அது. மேலேறியவர் கீழே எட்டிப் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது.

1952 ஜூன் 5ஆம் நாள் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது. நோயுடன் அமெரிக்கா சென்றார். தம் ஆசிரியர் டூயியைக் காணலாம் என்னும் ஆவலுடன் சென்றவருக்கு அது இயலாமற் போயிற்று. டூயி அம்மாதம் 1ஆம் நாள் காலமாகிவிட்டார். ஆசிரியரைக் காணப் புறப்பட்ட மாணவர் சில நாளில் தவறவிட்டார்.

இக்கட்டுரையின் முதற்படியை மகளிடம் படிக்கக் கொடுத்தோம். பாடத்தொகுதிகளின் பட்டியல் உள்ள இடத்தில் அவள் நின்றாள். தன் துறைக்குப் புறம்பாக இரண்டு பாடங்கள் எடுக்கலாமா என்று அவள் சென்ற வாரம் கேட்டபொழுது, கட்டணத்தைக் கணக்கிட்டு வேண்டாம் என்று சொன்னவர் நாம்தாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சேமநிதியிலிருந்து முன்பணம் கோரும் படிவம் மூன்று நாட்களாக மேசைமேல் இருக்கிறது. மலர்க் குழுவினர் கட்டுரையைக் கேட்டு இருமுறை ஆள் அனுப்பிவிட்டனர். இதனை அவர்களிடம் சேர்ப்பித்துவிட்டு, அந்தப் படிவத்தை எடுக்க வேண்டும். தொகை எழுதிய இடத்தை அடித்துவிட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது.